உடற்தகுதியில் வலிமையும் தாங்குதிறனும்

உடற்தகுதி என்பது ஒருவர் தமது அன்றாடப் பணிகளை மிகுந்த களைப்பின்றிச் செய்து முடிக்கவும், அதன் பின்னரும் ஓய்வுநேர ஈடுபாடுகளுக்கும் எதிர்பாராத நெருக்கடிகளுக்கும் போதிய ஆற்றலைக் கொண்டிருக்கவும் உதவும் உடல்நிலை ஆகும். இதன் கூறுகளுள் தசை வலிமையும் தாங்குதிறனும் முதன்மையானவை. எடை தூக்குதல், தண்டால், பஸ்கி, கயிறு ஏறுதல் முதலியவை வலிமையை வளர்க்கும் பயிற்சிகள். நெடுந்தொலைவு ஓட்டம், மிதிவண்டி ஓட்டுதல், நீச்சல் முதலியவை தாங்குதிறனை வளர்ப்பவை. இவ்விரு வகைப் பயிற்சிகளும் உடலில் வெவ்வேறு மாற்றங்களை உண்டாக்குகின்றன. எனவே ஒருவர் எவ்வளவு எடையைத் தூக்குகிறார் என்பதைக் கொண்டு உடற்தகுதியை அளப்பதா, எவ்வளவு தொலைவு ஓடுகிறார் என்பதைக் கொண்டு அளப்பதா என்ற வினா நெடுங்காலமாக இருந்து வருகிறது. காவலர், தீயணைப்பாளர், படைவீரர் ஆகியோரைத் தேர்ந்தெடுக்கும் முறையும், பள்ளி மாணவருக்குக் கற்பிக்கப்படும் பயிற்சிகளும் இவ்வினாவிற்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே அமைகின்றன.

வரையறை

அன்றாட வழக்கில் உடல் உழைப்பு, உடற்பயிற்சி, உடற்தகுதி ஆகிய மூன்று சொற்களும் ஒரே பொருளில் ஆளப்படுவதுண்டு. 1985ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த காசுபெர்சன் என்பவரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் இம்மூன்றையும் வேறுபடுத்தி வரையறுத்தனர். தசைகள் இயங்கி ஆற்றல் செலவாகும் எந்த அசைவும் உடல் உழைப்பு ஆகும். திட்டமிட்டு, ஒரு நோக்கத்துடன் மீண்டும் மீண்டும் செய்யப்படும் உழைப்பு உடற்பயிற்சி ஆகும். உடற்தகுதி என்பதோ ஒருவர் பெற்றுள்ள பண்புகளின் தொகுப்பு.

அப்பண்புகள் இரு பிரிவாகப் பகுக்கப்படுகின்றன. உடல்நலத்தோடு தொடர்புடையவை ஐந்து: இதய, நுரையீரல் தாங்குதிறன், தசைத் தாங்குதிறன், தசை வலிமை, உடலில் கொழுப்பும் தசையும் அமைந்துள்ள விகிதம், நெகிழ்தன்மை. செயல்திறனோடு தொடர்புடையவை ஆறு: விரைவு, வெடிதிறன், சுறுசுறுப்பு, சமநிலை, ஒருங்கிணைவு, எதிர்வினை நேரம். இப்பட்டியலின்படி வலிமையோ தாங்குதிறனோ தனித்து நின்று உடற்தகுதி ஆகிவிடுவதில்லை.

தாங்குதிறன் இரு வகைப்படும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உடல் முழுவதும் இயங்கும்போது இதயமும் நுரையீரலும் ஆக்சிசனை இடைவிடாது வழங்கும் திறன் ஒன்று. குறிப்பிட்ட ஒரு தசை ஒரே வேலையை நெடுநேரம் செய்யும் திறன் மற்றொன்று. ஒன்றைப் பெற்றவர் மற்றொன்றையும் பெற்றிருப்பார் எனக் கூற இயலாது.

உடலில் நிகழும் மாற்றங்கள்

தசைகள் மூன்று வழிகளில் ஆற்றலைப் பெறுகின்றன. முதலாவது, தசையில் சேமித்துள்ள பாசுபேட்டுச் சேர்மங்களிலிருந்து உடனடியாகக் கிடைப்பது. முழு முயற்சியில் இது ஏறத்தாழ 10 நொடிகளில் தீர்ந்துவிடும். இரண்டாவது, ஆக்சிசன் இன்றிச் சர்க்கரையைச் சிதைத்துப் பெறுவது. மூன்றாவது, ஆக்சிசனின் துணையுடன் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துப் பெறுவது. எடை தூக்குபவர் முதல் வழியையும், நெடுந்தொலைவு ஓடுபவர் மூன்றாம் வழியையும் பெரிதும் சார்ந்துள்ளனர்.

தசை இழைகளிலும் இருவகை உண்டு. மெல்லச் சுருங்கும் இழைகள் குறைந்த விசையையே தரும். ஆயினும் எளிதில் களைப்பதில்லை. விரைந்து சுருங்கும் இழைகள் மிகுந்த விசையைத் தந்து விரைவில் களைத்துவிடும். எல்லாரிடமும் இவ்விரு வகை இழைகளும் உள்ளன. அவற்றின் விகிதம் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

வலிமைப் பயிற்சியின் தொடக்க வாரங்களில் கூடுதலான இழைகளை ஒரே நேரத்தில் இயக்க நரம்பு மண்டலம் பழகிக்கொள்கிறது. அதன் பின்னரே தசை கண்ணுக்குத் தெரியும் அளவிற்குப் பருக்கிறது. ஓட்டப் பயிற்சியில் இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவு கூடுகிறது; தசைகளில் நுண்குழாய்களும், ஆற்றலை உண்டாக்கும் இழைமணிகளும் பெருகுகின்றன.

இருமுனைகளுக்கும் தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டுகள் உள்ளன. வேலூரைச் சேர்ந்த சதீசு சிவலிங்கம் 2014ஆம் ஆண்டு கிளாசுகோவில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளில் 77 கிலோ எடைப்பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018ஆம் ஆண்டிலும் அப்பிரிவில் தங்கம் வென்றார். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோ. இலட்சுமணன் 2017ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டிகளில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரு ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். முன்னவரது போட்டியில் ஒரு முயற்சி சில நொடிகளில் முடிந்துவிடும். பின்னவரது 10,000 மீட்டர் ஓட்டம் ஏறத்தாழ அரை மணி நேரம் நீடிக்கும். இவ்விருவருள் உடற்தகுதி மிக்கவர் யார் என வினவுவது பொருளற்றது. இருவரும் தத்தம் போட்டிக்குத் தேவையான தகுதியின் உச்சத்தை எட்டியவர்கள்.

காஞ்சிபுரத்தில் இரு தொழில்கள்

வலிமையும் தாங்குதிறனும் அன்றாட வாழ்வில் எவ்வாறு இணைந்தும் பிரிந்தும் காணப்படுகின்றன என்பதை அறிய, கோயில்களுக்கும் பட்டு நெசவிற்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம் ஏற்ற இடமாகும்.

சின்ன காஞ்சிபுரத்திலுள்ள வரதராசப் பெருமாள் கோயிலில் ஆண்டுதோறும் வைகாசி மாதத்தில் 10 நாள் பெருவிழா நடைபெறுகிறது. அதன் மூன்றாம் நாள் கருட சேவை ஆகும். கருட வாகனத்தில் எழுந்தருளும் உற்சவரைச் சீர்பாதம் தாங்குவோர் தோளில் சுமந்து பெரிய காஞ்சிபுரத்தின் வீதிகள் வரை சென்று திரும்புவர். ஏழாம் நாள் தேரோட்டத்தில் பொதுமக்கள் வடம் பிடித்துத் தேரை இழுப்பர்.

வடம் பிடிப்போர் நின்ற தேரை நகர்த்தச் சில நொடிகள் பெருவிசை செலுத்த வேண்டும். தேர் ஓடத் தொடங்கியபின் தேவைப்படும் விசை குறைந்துவிடும். வாகனம் சுமப்போரின் நிலை வேறு. தோளின் மீதுள்ள சுமை வழிநெடுகக் குறைவதில்லை. ஒருவர் தளர்ந்தால் அவரது பங்கு அருகில் உள்ளவர் தோளில் ஏறும். ஆகவே இங்கு வலிமை மட்டுமோ, நெடுந்தொலைவு நடக்கும் ஆற்றல் மட்டுமோ போதாது.

இதற்கு உடலியங்கியல் அடிப்படையில் விளக்கம் உண்டு. தசை தன் உச்ச வலிமையில் பாதியளவு விசையை அசையாமல் தாங்கினால் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் களைத்துவிடும். இறுகிய தசை தன்னுள் ஓடும் குருதிக்குழாய்களை நெருக்கி ஆக்சிசன் வரவைத் தடுப்பதே இதற்குக் காரணம். விசையின் விழுக்காடு குறையக் குறையத் தாங்கும் நேரம் நீளும். ஒரே சுமையை இருவர் சுமப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு அச்சுமை அவரது உச்ச வலிமையில் 50 விழுக்காடு. வலிமை மிக்க மற்றவருக்கு அது 25 விழுக்காடு மட்டுமே. அவர்களுடைய இதய, நுரையீரல் திறன் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டாமவரே நெடுநேரம் தாக்குப்பிடிப்பார். சுமை கூடிய வேலைகளில் வலிமையே தாங்குதிறனின் அடித்தளமாகிறது என்பது இதனால் விளங்கும்.

பட்டு நெசவு இதற்கு எதிர்மாறானது. காஞ்சிபுரத்தின் மரபுவழிக் குழித்தறியில் நெசவாளர் தறிக்குழிக்குள் கால்களை இறக்கி அமர்ந்து, கால்களால் மிதிகளை மாற்றி மாற்றி மிதித்தும், கைகளால் நாடாவை ஓட்டியும், பலகையை இழுத்து அடித்தும் நெய்கிறார். உடலும் கரையும் வேறு வேறு நிறங்களில் அமையும் கோர்வைப் புடவைகளை நெய்வதற்குக் கரைக்கான நாடாவை இயக்க மற்றொருவர் துணையாக அமர்வதும் உண்டு. ஒவ்வோர் அசைவிற்கும் வேண்டிய விசை சிறிது. ஆனால் அசைவுகளின் எண்ணிக்கை மிகப் பெரிது. இவ்வேலை கை, கால் தசைகளுக்கு வலுவான தாங்குதிறனைத் தருகிறது. எனினும் நாள் முழுவதும் அமர்ந்தே செய்வதால் ஓட்டமோ விரைவு நடையோ இதயத்திற்குத் தரும் பயிற்சியை இது தருவதில்லை. குனிந்து அமரும் நிலையால் முதுகு, கழுத்து, தோள் ஆகியவற்றில் வலி ஏற்படுவது நெசவாளரிடையே பரவலாகக் காணப்படுகிறது. உழைப்பாளியின் உடல் இயல்பாகவே எல்லாத் தகுதிகளையும் பெற்றிருக்கும் என்ற கருத்து சரியானதன்று என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும். எந்த வேலை கொடுக்கப்படுகிறதோ அந்த வேலைக்கே உடல் பழகுகிறது. பயிற்சியியலில் இது தனிக்குறிப்புத் தன்மை எனப்படுகிறது.

இரு பயிற்சிகளும் ஒன்றையொன்று தடுக்கின்றனவா?

ஒருவர் இரு பயிற்சிகளையும் ஒரே காலத்தில் மேற்கொண்டால் என்ன நிகழும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் இராபர்ட்டு இக்சன் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஆராய்ந்தது. ஒரு குழுவினர் வாரத்திற்கு 5 நாள்கள் கால்களுக்கான வலிமைப் பயிற்சியை மட்டும் செய்தனர். மற்றொரு குழுவினர் 6 நாள்கள் கடுமையான தாங்குதிறன் பயிற்சியை மட்டும் செய்தனர். மூன்றாம் குழுவினர் இரண்டையும் முழுமையாகச் செய்தனர். ஆய்வு 10 வாரங்கள் நீடித்தது. மூன்றாம் குழுவினரின் வலிமை தொடக்கத்தில் முதற் குழுவினரைப் போன்றே வளர்ந்தது. ஏழாம், எட்டாம் வாரங்களை ஒட்டி அவ்வளர்ச்சி நின்று, இறுதி வாரங்களில் சரியத் தொடங்கியது. அவர்களது தாங்குதிறன் வளர்ச்சி மட்டும் பாதிக்கப்படவில்லை. இவ்விளைவு குறுக்கீட்டு விளைவு என அழைக்கப்படுகிறது.

உயிரணுக்களில் இதற்கான காரணம் தேடப்பட்டது. ஆற்றல் குறையும்போது தூண்டப்படும் ஒரு நொதி இழைமணிகளைப் பெருக்கத் துணைசெய்கிறது. அதே நொதி தசைப் புரதத்தைக் கட்டும் வழியைத் தணிக்கிறது என விலங்கு ஆய்வுகள் காட்டின. மனிதரில் இத்தடை அத்துணைத் தெளிவாகக் காணப்படவில்லை. களைத்த கால்களுடன் எடை தூக்குவதும், ஓய்வும் உணவும் போதாமையும் முதன்மைக் காரணங்களாக இருக்கலாம்.

இக்சனின் ஆய்வில் மூன்றாம் குழுவினர் மற்ற இரு குழுவினரின் பயிற்சிகளையும் கூட்டிச் செய்தனர் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். 2020க்குப் பின்னர் வெளியான தொகுப்பாய்வுகள், மிதமான அளவில் இரண்டையும் செய்வோருக்குத் தசைப் பருமனிலும் உச்ச வலிமையிலும் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை எனக் கூறுகின்றன. குதித்தல், எறிதல் முதலியவற்றுக்குத் தேவையான வெடிதிறன் மட்டும் ஓரளவு குறையக்கூடும். இரு பயிற்சிகளையும் ஒரே வேளையில் அடுத்தடுத்துச் செய்யும்போது இது மிகுதி.

மறுதிசையில், வலிமைப் பயிற்சி ஓட்டத்திற்குத் துணைசெய்கிறது. 2008ஆம் ஆண்டில் வெளியான நார்வே நாட்டு ஆய்வொன்றில், தேர்ந்த ஓட்டவீரர்கள் 8 வாரங்கள் பளுவுடன் அரைப் பஸ்கி செய்தபின், அதே வேகத்தில் ஓட அவர்களுக்குத் தேவைப்பட்ட ஆக்சிசன் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்தது. அவர்களது உடல் எடை கூடவில்லை. எடைப்பயிற்சி ஓட்டவீரரின் உடலைக் கனக்கச் செய்து வேகத்தைக் குறைக்கும் என்ற பரவலான அச்சத்திற்கு இது மறுமொழியாக அமைந்தது.

தமிழ்நாட்டில் உடற்தகுதியை அளந்த முறைகள்

காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டு கி.பி. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பட்டப்பெயர் கொண்டிருந்தான். பெரும் மல்லன் என்பது அதன் பொருள். மாமல்லபுரம் அவன் பெயரால் வழங்குவதாகும். தென் மாவட்டங்களில் இளவட்டக்கல் என்னும் உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னே போடுவது மணம் புரியவுள்ள இளைஞரின் தகுதிக்குச் சான்றாகக் கருதப்பட்டது. பொங்கல் விழாக்களில் இப்போட்டி இன்றும் நடத்தப்படுகிறது. இவ்வழக்குகளில் வலிமையே அளவுகோலாக விளங்கியது.

உடற்கல்வி ஒரு தனித்துறையாக வளர்ந்தபின் அளவுகோல்கள் விரிந்தன. 1920ஆம் ஆண்டில் ஆரி குரோ பக் என்பவர் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இந்தியாவின் பல பகுதிகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கியது. இந்திய அரசு 1959-60ஆம் ஆண்டில் தேசிய உடற்திறன் இயக்கத்தைத் தொடங்கி, ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றை உள்ளடக்கிய தேர்வுகளைப் பொதுமக்களுக்கு நடத்தியது. 1968ஆம் ஆண்டில் அமெரிக்க வான்படை மருத்துவர் கென்னத்து கூப்பர் அறிமுகப்படுத்திய 12 நிமிட ஓட்டத் தேர்வு உலகெங்கும் பரவியபோது, ஓடும் திறனே உடற்தகுதி என்ற கருத்து வலுப்பெற்றது. அண்மைக் காலத்தில் கேலோ இந்தியா திட்டத்தின் கீழ் 9 முதல் 18 வயது வரையுள்ள மாணவருக்கான மதிப்பீட்டில் 600 மீட்டர் ஓட்டம், 50 மீட்டர் விரைவோட்டம், தண்டால், வயிற்றுத்தசைப் பயிற்சி, நெகிழ்தன்மைத் தேர்வு ஆகியன இடம்பெற்றுள்ளன.

இன்று தமிழ்நாட்டு இளைஞர் பலருக்கு உடற்தகுதி என்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் வரையறுப்பதே ஆகும். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய பணிகளுக்கு ஒரே பொதுத்தேர்வு நடத்தப்படுகிறது. 2020களின் அறிவிப்புகளின்படி, ஆண்கள் 1,500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். இது மணிக்கு ஏறத்தாழ 12.9 கிலோமீட்டர் வேகமாகும். இதில் தேறாதவர் அடுத்த கட்டத்திற்குச் செல்ல இயலாது. தேறியோர் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம் ஆகியவற்றில் மதிப்பெண் பெறுவர். கயிற்றில் 5 மீட்டர் ஏறுவோருக்கு ஒரு நட்சத்திரமும், 6 மீட்டர் ஏறுவோருக்கு இரு நட்சத்திரங்களும் வழங்கப்படும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடிகளுக்குள் ஓட வேண்டும். இது மணிக்கு 9.6 கிலோமீட்டர் வேகமாகும். அவர்களுக்குக் கயிறு ஏறுதலுக்கு மாறாகக் குண்டு எறிதல் அல்லது துடுப்பாட்டப் பந்து எறிதல் உண்டு.

இத்தேர்வு தாங்குதிறனை நுழைவாயிலாகவும், வலிமையை மதிப்பெண்ணாகவும் கொண்டுள்ளது. இதில் மற்றொரு நுட்பமும் உள்ளது. கயிறு ஏறுபவர் தம் உடல் எடையையே மேலே இழுக்கிறார். எனவே அது உடல் எடையோடு ஒப்பிட்ட வலிமையை அளக்கிறது. மெலிந்த ஓட்டவீரர் இதில் பின்தங்குவதில்லை. குண்டு எறிதலோ எல்லாருக்கும் ஒரே எடையைத் தருவதால் தனி வலிமையை அளக்கிறது. மயங்கிய ஒருவரைத் தூக்கி வரவேண்டிய தீயணைப்பாளருக்குத் தேவைப்படுவது தனி வலிமையே. தூக்கப்படுபவரின் எடை, தூக்குபவர் மெலிந்தவர் என்பதற்காகக் குறைவதில்லை. எனவே ஆண் தீயணைப்பாளருக்கான இத்தேர்வு, பணியில் அவருக்கு மிகவும் தேவைப்படும் ஒரு திறனை நேரடியாக அளப்பதில்லை எனலாம். அதனை அவர் பயிற்சிக் காலத்தில் பெற வேண்டியுள்ளது.

உடல்நலத்தில் இவற்றின் பங்கு

போட்டிகளிலோ சீருடைப் பணிகளிலோ ஈடுபடாதவருக்கும் இவ்விரு திறன்களும் தேவை. உலக சுகாதார அமைப்பு 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பிலோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உழைப்பிலோ ஈடுபட வேண்டும். அத்துடன் வாரத்திற்குக் குறைந்தது 2 நாள்கள் முதன்மைத் தசைகள் அனைத்தையும் வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகக் கூறப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியா உட்பட 17 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,40,000 பேரிடம் நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், கைப்பிடி வலிமை 5 கிலோ குறையும்தோறும் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கைப்பிடியை மட்டும் வலுப்படுத்தினால் வாழ்நாள் நீளும் என்பது இதன் பொருளன்று. உடல் முழுவதன் நிலையைக் காட்டும் குறியீடாகவே கைப்பிடி வலிமை கருதப்படுகிறது.

நடுவயதிற்குப் பின் தசையும், உடல் பயன்படுத்தும் ஆக்சிசனின் உச்ச அளவும் படிப்படியாகக் குறைகின்றன. நடைப்பயிற்சி மட்டும் மேற்கொள்ளும் முதியவர் தம் இதயத்தைப் பேணினாலும், தரையில் அமர்ந்து கையூன்றாமல் எழும் வலிமையை இழக்கக்கூடும். எடைப்பயிற்சி மட்டும் செய்பவர் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கக்கூடும். ஒரே உடல் எடையுள்ள ஐரோப்பியரோடு ஒப்பிடுகையில் தெற்காசியரிடம் கொழுப்பு மிகுதியாகவும் தசை குறைவாகவும் இருப்பதாலும், நீரிழிவு பரவலாக இருப்பதாலும் தமிழ்நாட்டில் வலிமைப் பயிற்சி கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. உடலில் சர்க்கரையைப் பெருமளவில் எடுத்துக்கொள்ளும் திசு தசையே ஆகும்.

பயிற்சியைச் சமன்படுத்துதல்

இரு திறன்களையும் வளர்க்க விரும்புவோர் பொதுவாகப் பின்வரும் முறைகளைப் பின்பற்றுவர்.

வலிமைப் பயிற்சியையும் நெடிய ஓட்டத்தையும் வெவ்வேறு நாள்களில் செய்வது நன்று. ஒரே நாளில் செய்ய நேர்ந்தால் இடையே சில மணி நேர இடைவெளி வேண்டும்.

இரண்டையும் ஒரே வேளையில் செய்ய வேண்டியிருப்பின், எத்திறன் குறைவாக உள்ளதோ அதற்குரிய பயிற்சியை முதலில் செய்யலாம். முதலில் செய்வதற்கே புத்துணர்வுள்ள உடல் கிடைக்கிறது.

தொடக்க நிலையினர் வாரத்திற்கு இருநாள் வலிமைப் பயிற்சியும், மூன்று நாள் ஓட்டமோ விரைவு நடையோ மேற்கொள்ளலாம். கருவிகள் இல்லாதோர் தண்டால், பஸ்கி, படியேறுதல் ஆகியவற்றைக் கொண்டே தொடங்க இயலும்.

ஓட்டத் தொலைவையும் தூக்கும் எடையையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

காஞ்சிபுரம் போன்ற வெப்பம் மிகுந்த ஊர்களில் கோடைக்காலத்தில் ஓட்டத்தை அதிகாலையில் வைத்துக்கொள்வதும், போதிய நீர் அருந்துவதும் இன்றியமையாதன.

தொழிலில் ஏற்கெனவே கிடைக்கும் பயிற்சியைக் கணக்கில் கொள்ள வேண்டும். நாள் முழுவதும் தறியில் அமர்பவருக்கு விரைவு நடையும் முதுகுத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. நாள் முழுவதும் மூட்டை சுமப்பவருக்கு மேலும் எடை தூக்குவதைக் காட்டிலும் ஓய்வும் நெகிழ்வுப் பயிற்சியும் பயன்தரும்.

இதயநோய், உயர் இரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகியவை உள்ளோரும், நெடுங்காலம் பயிற்சியின்றி இருந்தோரும் கடுமையான பயிற்சிகளைத் தொடங்குமுன் மருத்துவரின் அறிவுரையைப் பெற வேண்டும்.